நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயருக்கு உண்மையில் என்ன அதிகாரம் உண்டு?

மேயரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் உள்ளாட்சியில் அவருடைய பங்கு என்ன, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மேயரிடமிருந்து அவர் எப்படி மாறுபடுகிறார் என்பது கேள்வி. பல நாடுகளின் உள்ளாட்சிச் சட்டங்களை ஒப்பிட்டுப் படித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேர்தல் முறையை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. வரவு செலவுத் திட்டத்தை யார் முன்வைக்கிறார், அதிகாரிகள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், மேயருக்கும் மன்றத்துக்கும் ஒத்துவராமல் போனால் பதவி இழப்பவர் யார் என்பவைதான் அவருடைய பங்கைத் தீர்மானிக்கின்றன.

மறைமுகத் தேர்தலில் மேயராக வருபவர் முதலில் ஒரு வார்டின் கவுன்சிலர். பெரும்பான்மைக் கட்சியோ கூட்டணியோ அவரை அந்த நாற்காலியில் அமர்த்துகிறது. ஆகவே அவர் நாள்தோறும் கணக்கில் வைத்திருக்க வேண்டியது சக கவுன்சிலர்களின் மனநிலையைத்தான். நேரடித் தேர்தலில் வருபவர் நகரம் முழுவதும் வாக்குக் கேட்டு வந்தவர், கட்சிக்காரர்கள் முகம் சுளித்தாலும் பதவிக்காலம் முடியும்வரை பெரும்பாலும் நிலைத்திருப்பவர். ஒரு வார்டுக்கு இழப்பும் நகரம் முழுவதற்கும் நன்மையும் தரும் முடிவை, அதாவது குப்பைக் கிடங்கை எங்கே அமைப்பது, எந்தச் சாலையை ஒருவழிப்பாதையாக்குவது போன்றவற்றை, எடுக்கும் துணிவு இரண்டாமவருக்கு வர வாய்ப்பு அதிகம். கட்சி அமைப்புக்கு வெளியே இருப்பவரும் இந்த வழியில் நுழைந்துவிட முடியும். இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் நகரில் 2002ஆம் ஆண்டு கால்பந்துக் குழுவின் குரங்கு வேடச் சின்னமாக மைதானத்தில் வலம்வந்த ஸ்டூவர்ட் டிரம்மண்ட் சுயேச்சையாக நின்று மேயரானார். வேடிக்கைக்காகப் போட்ட வாக்குகள் என்று பலர் எண்ணினார்கள்; ஆனால் அதே நகரம் அவரை மேலும் இரண்டு முறை தேர்ந்தெடுத்தது.

இனி அதிகாரத்துக்கு வருவோம். இந்தியாவில் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மேயரை எந்த முறையில் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டதால், சென்னை மேயர் 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்களாலும், 2006, 2022 ஆகிய ஆண்டுகளில் கவுன்சிலர்களாலும் தேர்ந்தெடுக்கப்பட்டார். முறை இப்படி மாறி மாறி வந்தபோதும், மாநகராட்சியின் நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடமே இருந்து வந்திருக்கிறது. ஆணையரை நியமிப்பதும் இடம் மாற்றுவதும் மேயரின் கையில் இல்லை. பல லட்சம் பேரின் வாக்குகளைப் பெற்றவர் மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார், தீர்மானங்களை நிறைவேற்றித் தருகிறார்; அவற்றைச் செயல்படுத்தும் கோப்பு வேறொருவர் மேசையில் இருக்கிறது. இத்தகைய அமைப்பில் நேரடித் தேர்தல் மேயருக்குத் தார்மிக வலிமையைத் தருமே தவிர, நிர்வாக வலிமையைத் தராது. அந்த வேறுபாட்டை மக்களுக்கு விளக்காமல் வாக்குக் கேட்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் அமைந்த நேரடி மேயர் இதற்கு நேர் எதிரானவர். கவுன்சிலர்களிலிருந்து இரண்டு முதல் ஒன்பது பேர் வரை தம் அமைச்சரவைக்கு அவரே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். நிர்வாக முடிவுகளைத் தனியாகவே எடுக்கவும் செய்யலாம். வரவு செலவுத் திட்டம் மன்றத்துக்கு வரும் நாளில்தான் அவருடைய வலிமை கண்கூடாகத் தெரியும். மேயர் முன்வைத்த திட்டத்தைத் திருத்த வேண்டுமானால், மேயர் மறுபரிசீலனை செய்த பிறகும் மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். 45 உறுப்பினர்கள் கொண்ட மன்றத்தில் எல்லோரும் வந்திருந்தால் 30 பேர் ஒன்றுசேர வேண்டும். ஆகவே 16 பேர் மேயருடன் நின்றுவிட்டால் எஞ்சிய 29 பேர் எதிர்த்தாலும் நூலகத்தை மூடும் முடிவோ வாகன நிறுத்தக் கட்டணமோ மாறாது. அதே சமயம், ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்கோ மதுக்கடைக்கோ அனுமதி தருவது அந்த மேயரின் வேலை அன்று. அவை கவுன்சிலர் குழுக்களிடம் இருக்கின்றன. மேயரிடம் நேரில் சொன்னால் பக்கத்து வீட்டு மாடிக் கட்டுமானம் நின்றுவிடும் என்று நம்பி வருபவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்.

மேயருக்கும் மன்றத்துக்கும் பூசல் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இம்முறையின் உண்மையான சோதனை, ஏனெனில் இருவருமே மக்கள் தங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியும். சிம்லா மாநகராட்சியில் 2012ஆம் ஆண்டு மேயர், துணை மேயர் ஆகிய இரு பதவிகளையும் நேரடித் தேர்தலில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வென்றது. 25 வார்டுகளில் அக்கட்சிக்குக் கிடைத்தவையோ மூன்று. எந்தத் தீர்மானத்துக்கும் எதிர்த்தரப்பின் தயவு தேவைப்படும் நிலையில் ஐந்தாண்டுகள் ஓடின. 2017ஆம் ஆண்டுத் தேர்தலில் மீண்டும் கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த முட்டுக்கட்டையை இத்தாலி வேறு வழியில் தவிர்க்கிறது. 1993ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே, 15,000 பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களில் வெற்றி பெற்ற மேயரை ஆதரிக்கும் வேட்பாளர் பட்டியல்களுக்குப் பொதுவாக மன்ற இடங்களில் 60 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது; மன்றம் அவரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்த்தினால் மன்றமும் கலைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானிய ஏற்பாடு. அங்கே மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கூட்டத்துக்கு வந்து, வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தால் மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறும். அதன்பின் பத்து நாள்களுக்குள் அவர் மன்றத்தைக் கலைக்கலாம்; கலைக்காவிட்டால் பதவி போய்விடும். கலைத்த பிறகு புதிதாக வரும் மன்றமும் அவரை நம்பாவிட்டால், இம்முறை சாதாரணப் பெரும்பான்மையே அவரை வெளியேற்றப் போதுமானது. சண்டை போடும் இரு தரப்பினரும் வாக்காளரை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருப்பதால் யாரும் விளையாட்டாகத் தீர்மானம் கொண்டுவருவதில்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் ஆங்கிலேய முறையில் மேயரை இடையில் நீக்கும் உரிமை மன்றத்துக்கும் இல்லை, வாக்காளருக்கும் இல்லை. மக்கள் கோபப்பட்டால் அந்தப் பதவியையே பொது வாக்கெடுப்பில் ஒழிப்பதுதான் வழி. 2012ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நேரடி மேயரை விரும்பி ஏற்ற பிரிஸ்டல் நகரம், 2022ஆம் ஆண்டு இன்னொரு வாக்கெடுப்பில் அப்பதவியை வேண்டாம் என்று தள்ளி, கவுன்சிலர் குழுக்களின் ஆட்சிக்கு மாறியது.

ஆகவே உங்கள் நகரத்துக்கு நேரடி மேயர் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், ஆணையரோ தலைமை அதிகாரியோ அவருக்குக் கட்டுப்பட்டவராகவும், அவரை இடையில் நீக்க ஒரு வழி இருப்பதாகவும் சட்டம் அமைந்திருந்தால் மட்டுமே ஆம் என்பேன். சில ஆயிரம் பேர் வாழும் சிறிய பேரூருக்கு இந்த ஏற்பாடே தேவையில்லை என்பது என் எண்ணம். அங்கே மன்றத்தினர் அனைவரையும் மக்களுக்கு நேரில் தெரியும், தலைவரை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்வதில் பெரிய இழப்பு ஏதுமில்லை.