மரவேலை கேள்வி பதில்: எட்டாவது ஆணி வேண்டாம்!

அப்பா உட்கார்ந்த தேக்கு நாற்காலி. பின்கால் இரண்டும் ஆடுகின்றன. லீவு கிடைக்கும்போதெல்லாம் ஓர் ஆணி அடித்து, இதுவரை ஏழு ஆகிவிட்டது. போன வாரம் மாமனார் உட்கார்ந்ததும் அது போட்ட சத்தத்தில், காப்பியை எடுத்துக்கொண்டு அவர் திண்ணைக்கே போய்விட்டார். எட்டாவது ஆணியை எங்கே அடிப்பது?
- வாசகர், கும்பகோணம்

எங்கேயும் அடிக்காதீர்கள். அடித்த ஏழு ஆணியையும் முதலில் பிடுங்குங்கள். மாமனாரை நாங்கள் திண்ணையிலிருந்து கூப்பிட்டு வருகிறோம்.

நாற்காலியின் காலை ஆணி தாங்குவதில்லை. குறுக்குச் சட்டத்தின் முனையைச் செதுக்கிக் காலில் இருக்கும் துளைக்குள் இறுக்கமாகச் செருகியிருப்பார்கள், அந்தப் பிடிமானம்தான் தாங்குகிறது. மரம் மழைக்காலத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். வருடக்கணக்கில் இப்படியே நடந்தால் முனைக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி விழுந்து பசையும் விட்டுப்போகும். ஆணி அந்த இடைவெளியை அடைக்காது, போதாக்குறைக்கு மரத்தையும் பிளந்துவிடும்.

அதனால் எந்த முனை எந்தத் துளைக்கு என்று பென்சிலால் குறித்துவிட்டு, துணியைச் சுற்றி மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி இணைப்பைக் கழற்றுங்கள். அப்புறம் செய்வதுதான் முக்கியம்: பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். வெள்ளைப் பசை மரத்தின் நாருக்குள் இறங்கினால்தான் பிடிக்கும், காய்ந்த பசையின் மேல் தடவினால் கொஞ்ச நாளில் மறுபடியும் ஆடும். சுரண்ட வராவிட்டால் வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள், இளகும். பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.

முனை லூசாக இருந்தால் மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைக்கும் பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஆள் உட்காரும் இடத்துக்கு அந்தப் பலம் போதாது. தேக்கிலேயே மெல்லிய சீவலாக எடுத்து முனையின் பக்கத்தில் ஒட்டி, காய்ந்ததும் இழைத்து, இறுக்கமாக உட்காருகிறதா என்று பசையில்லாமல் ஒருமுறை செருகிப் பாருங்கள். சரியாக இருந்தால் பசை போட்டுச் சேர்த்துவிடலாம். கிளாம்ப் இல்லையா? கால்களைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்குங்கள், அதே இறுக்கம் வரும். பசை காய்வதற்குள் சமதரையில் நிறுத்தி நாலு காலும் பதிகிறதா என்று பார்த்துவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு யாரும் உட்காரக் கூடாது, மாமனார் உட்பட.

தாத்தா காலத்து ஈட்டி மர மேசை, பழைய அரக்கு பாலிஷ். விருந்தாளி சூடான டம்ளரை வைத்த இடத்தில் வெள்ளை வளையம். போகுமா?
- வாசகி, தஞ்சாவூர்

வெள்ளையாக இருப்பது நல்ல செய்தி. ஈரம் பாலிஷுக்குள்தான் மாட்டியிருக்கிறது, மரத்தைத் தொடவில்லை. (கறுப்பு வளையமென்றால் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது, எளிதில் போகாது.) இரண்டு நாள் விட்டுப் பாருங்கள், சில சமயம் தானாகவே மங்கிவிடும். போகாவிட்டால் பழைய வேட்டித் துணியை மடித்து மேலே போட்டு, அயர்ன் பாக்ஸை ஆகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், சில விநாடி மட்டும் ஓட்டி எடுத்துப் பாருங்கள். முதலில் யார் கண்ணுக்கும் படாத ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள், சூடு கூடினால் அரக்கு இளகிவிடும். சானிடைசரால் மட்டும் துடைக்காதீர்கள். அரக்கைக் கரைத்து பாலிஷ் செய்வதே ஸ்பிரிட்டில்தான், சானிடைசரிலும் அந்த வகைச் சரக்குதான் இருக்கிறது. கொரோனா சமயத்தில் இப்படித் துடைத்துத் துடைத்தே எத்தனையோ நல்ல மேசைகள் பிசுபிசுத்துப் போயின.

ஐப்பசி வந்தால் வாசல் கதவு மூட மாட்டேன் என்கிறது. இழைத்துவிடலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

மழையில் இழைத்தால் சித்திரையில் அந்தச் சந்து வழியாகத் தெருவே தெரியும். பொறுங்கள். முதலில் கீல் திருகுகள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பல கதவுகள் தொங்குவதால்தான் உரசுகின்றன. திருகு சரியாக இருந்தால் உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து மழைக்காலத்தை ஓட்டிவிடலாம். வெயில் வந்ததும் கதவைக் கழற்றி மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பெயின்ட்டே இருக்காது. நெடுக்குச் சட்டங்களின் வெட்டுமுனை இருப்பது அங்கேதான், மரம் வேறெந்தப் பக்கத்தையும்விட அந்த வழியாகத்தான் அதிகமாக ஈரத்தைக் குடிக்கும். இரண்டு விளிம்புக்கும் இரண்டு கோட் அடித்து மாட்டுங்கள். அதற்கப்புறம் வரும் மழையிலும் உரசினால், உரசும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கோடையில் ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மட்டும் இழையுங்கள்.

தளர்ந்த திருகுத் துளைக்குத் தீக்குச்சி வைக்கச் சொல்லியிருந்தீர்கள். வைத்தேன், நின்றது. ஆனால் காலையில் அடுப்புப் பற்றவைக்கப் போனவர் வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூங்கில் குச்சி நல்லதில்லையா?
- வாசகர், சிவகங்கை

கனமான கதவுக்கு மூங்கில்தான் நல்லது, நீங்கள் சொல்வதே சரி. துளை கொள்ளுமளவு சிம்புகளைப் பசையில் தோய்த்துத் தட்டி இறக்கி, ஒரு ராத்திரி காயவிட்டு, மட்டமாக நறுக்கி, நடுவில் மெல்லிய துளை போட்ட பிறகு திருகை ஏற்றுங்கள். அடுப்படிக்கு ஒரு டஜன் தீப்பெட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.