வான்கோழி வேட்டைக்கு எந்த சோக் வாங்குவது?

கேள்வி: 12 கேஜ் மொஸ்பெர்க் 500 ரவைத் துப்பாக்கி வாங்கியிருக்கிறேன். வரும் வசந்தகால சீசனில் மிசௌரியில் முதல்முறையாக வான்கோழி வேட்டைக்குப் போகிறேன். துப்பாக்கியோடு, குழல் வாயில் மாட்டும் மூன்று சோக்குகள் வந்தன. அவையே போதுமா, தனியாக டர்க்கி சோக் வாங்க வேண்டுமா? 0.660, 0.670 என்று எண்கள் போட்டு விற்கிறார்களே, எதை எடுப்பது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கூட வந்த மூன்றில் ஃபுல் என்று எழுதியிருப்பதை மாட்டி, வேட்டைக்கு எடுத்துப்போகப் போகிற அதே ஷெல்லை, அதாவது தோட்டாவை வைத்து, 40 கஜத்தில் ஒரு பெரிய காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். குறிவைத்த புள்ளியைச் சுற்றி 10 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டால் உள்ளே 100 ரவை (ஷெல்லிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) இருக்க வேண்டும். இருந்தால் உங்களிடம் உள்ளதே டர்க்கி சோக். இல்லாவிட்டால், ஈய ரவை எண் 5 சுடப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, 0.670 அளவிலிருந்து ஆரம்பியுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரம் இருந்தால் ஏன் என்பதையும் படியுங்கள், கடையில் நிற்கும்போது உதவும்.

அந்த எண்கள் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். 12 கேஜ் குழலின் உள்விட்டம் பெயரளவில் 0.729 அங்குலம். சோக் என்பது குழலின் வாயில் திருகி மாட்டும் ஒரு சிறு குழாய், அதன் வெளிவாய் கொஞ்சம் குறுகி இருக்கும். எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு நெருக்கமாக ரவைகள் கூட்டமாகப் போகும். இம்ப்ரூவ்ட் சிலிண்டர் ஏறத்தாழ 0.010 குறுக்கும், மாடிஃபைட் 0.020, ஃபுல் 0.035 முதல் 0.040 வரை. டர்க்கி சோக் அதற்கும் மேலே போகும். 0.670 என்று எழுதியிருந்தால் அது வெளிவாயின் விட்டம். 0.729-இல் கழித்துப் பாருங்கள், 0.059 குறுக்கம் என்று வரும்.

பழைய கணக்கு ஒன்று உண்டு: 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் 70 சதவீத ரவையை வைக்க வேண்டும், மாடிஃபைட் 60, இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 50. பறக்கும் பறவைக்கு இது நல்ல கணக்கு. காட்டு வான்கோழிக்கு உதவாது, ஏனென்றால் நாம் அதை உடம்பில் சுடுவதில்லை. அடர்ந்த இறகு, மடங்கிய சிறகு, கனத்த நெஞ்சுத் தசை எல்லாம் ரவையை வாங்கிக்கொள்ளும், பறவை காயத்தோடு ஓடியும் பறந்தும் காட்டுக்குள் மறைந்துவிடும். அது எங்கோ கிடந்து சாவதைவிடச் சுடாமலே வீட்டுக்கு வரலாம். குறி தலையும் கழுத்தும்தான். உள்ளே மூளையும் கழுத்தெலும்பும் மட்டுமே பறவையை அந்த இடத்திலேயே சாய்க்கும். அந்த எலும்பு ஒரு விரல் தடிமன் கூடக் கிடையாது. அதில் தப்பாமல் நாலைந்து ரவை பட வேண்டுமென்றால் சுற்றியுள்ள 10 அங்குலம் முழுக்க ரவை நெருக்கமாக இருக்க வேண்டும். 100 என்ற எண்ணிக்கை இந்தத் தேவையிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் கிடைப்பதிலேயே இறுக்கமான சோக்கை எடுத்துவிடலாமே என்று தோன்றும். கடைக்காரர்களும் அதைத்தான் முன்னால் எடுத்து வைப்பார்கள். நான் உடன்படமாட்டேன். நான் வேட்டையாடுவது ஓசார்க் மலைச்சரிவுகளில், ஓக் மரக்காடு. ஏப்ரல் கடைசியில் இலை விரிந்துவிட்டால் 30 கஜத்துக்கு மேல் தரையில் எதுவும் தெளிவாகத் தெரியாது. பெட்டையின் குரலைக் கொடுத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். சேவல் பதில் சொல்லும், பிறகு ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ளும். ஒருமுறை அப்படி மௌனமான சேவல் சரிவின் விளிம்பில் தலையை நீட்டியபோது எனக்கும் அதற்கும் நடுவே பன்னிரண்டு பதின்மூன்று கஜம்தான். தலை நெற்றியில் வெளிறி, கன்னத்தில் நீலம், கழுத்தடியில் ரத்தச் சிவப்பு, ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் வெட்டி ஆடிக்கொண்டிருந்தது. அந்தத் தூரத்தில் மிக இறுக்கமான சோக்கிலிருந்து போகும் ரவைக்கூட்டம் ஒரு ஆரஞ்சுப் பழத்தின் அகலம்கூட விரிந்திருக்காது. ஆடுகிற தலைக்கு ஒற்றைத் தோட்டா சுடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அன்று என் துப்பாக்கியில் இருந்தது சாதாரண ஃபுல் சோக். தலை ஒரு நொடி நிற்கும்வரை காத்திருந்து சுட்டேன், பறவை அங்கேயே விழுந்தது.

ஆகவே சோக் தேடும் முன், நீங்கள் போகும் இடத்தில் பறவை எத்தனை கஜத்தில் கண்ணில் படும் என்று யோசியுங்கள். டெக்சாஸின் ரியோ கிராண்டே வான்கோழியைத் திறந்த புல்வெளி ஓரத்தில் சுடுபவருக்கு 40 கஜத்தில் அடர்த்தி தேவைப்படலாம். காட்டுக்குள் உட்காருபவருக்கு 20-இலிருந்து 35 வரை சீராக விரியும் பேட்டர்ன்தான், அதாவது ரவை பரவி விழும் அமைப்புதான், சோறு போடும். எதுவானாலும் 40 கஜம் என் எல்லை. சுடும்போது நடுவில் ரவை குவிந்து ஓரம் காலியாக இருக்கும் பேட்டர்னையும், 10 அங்குலம் முழுக்கப் பரவலாக நிரம்பும் பேட்டர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தாலும் இரண்டாவதை எடுங்கள்.

அடுத்து ஷெல். சோக்கைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும், ஆனால் பலர் கடைசியில் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஈயத்தில் எண் 4, 5, 6 மூன்றும் வான்கோழிக்கு வழக்கம். எண் கூடக்கூட ரவை சிறியது. 17-இலிருந்து எண்ணைக் கழித்து நூறால் வகுத்தால் அங்குலத்தில் விட்டம் வரும்: எண் 5 என்றால் 0.12. ஒரு அவுன்ஸில் எண் 4 ஏறத்தாழ 135 ரவை, எண் 5 என்றால் 170, எண் 6 என்றால் 225. பெரிய ரவை ஆழமாகப் போகும், ஆனால் எண்ணிக்கை குறையும். பெரிய ரவையை மிக இறுக்கமான வாயில் திணித்தால் ஒன்றோடொன்று நசுங்கி, நசுங்கியது கோணலாகப் பறந்து, பேட்டர்னில் ஓட்டை விழும். அதனால்தான் எண் 4 சுடுபவர் கொஞ்சம் தளர்ந்த சோக்கையும், எண் 6 சுடுபவர் இறுக்கமானதையும் எடுப்பது வழக்கம். மிசௌரியில் எண் 4-ஐவிடப் பெரிய ரவை சட்டப்படி கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்துக்குப் போனால் அங்குள்ள விதியைப் பாருங்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயமே கூடாது.

டி.எஸ்.எஸ். என்று ஒரு வகை இருக்கிறது, டங்ஸ்டன் ரவை. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் இதற்கு 18. எடை அவ்வளவு இருப்பதால் எண் 9 போன்ற பொடி ரவையே 40 கஜத்தில் ஈய எண் 5 செய்யும் வேலையைச் செய்யும், அதுவும் ஒரு அவுன்ஸில் ஏறத்தாழ 360 ரவை. 20 கேஜும் 0.410-உம் வான்கோழிக்காட்டுக்குத் திரும்பி வந்தது இதனால்தான். தோள் வலிக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் பெரிய வரம். விலைதான் கையைக் கடிக்கும். முதல் சீசனுக்கு உங்கள் 12 கேஜுக்கு இது வேண்டியதில்லை, மூன்று அங்குல நீள ஈய ஷெல்லே தாராளம். டி.எஸ்.எஸ். சுட்டே ஆக வேண்டுமென்றால் அதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொன்ன சோக்கில் மட்டும் சுடுங்கள். எஃகு ரவையை இறுக்கமான டர்க்கி சோக்கில் போடவே கூடாது, அது ஈயம்போல் நசுங்காது, சோக்கும் குழலும் பாழாகும். ஸ்லக் எனப்படும் ஒற்றைக் குண்டுத் தோட்டா பற்றிச் சொல்லவே வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

இன்னொரு சிக்கல். ரவையைச் சுமந்துபோகும் பிளாஸ்டிக் கிண்ணத்தை வாட் என்பார்கள். சில சோக்குகளில் பக்கவாட்டில் துளைகள் அல்லது உள்ளே சிறு முகடுகள் இருக்கும், வாட்டைப் பிடித்து நிறுத்தி ரவையை மட்டும் விடுவதற்கு. ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கன்ட்ரோல் வாட் அப்படி இல்லை, ரவையோடு கொஞ்ச தூரம் போய்ப் பின்பக்கமாகத் திறந்து மெதுவாகப் பின்தங்கும். இதன் பழைய வகையைத் துளையுள்ள சோக்கில் சுட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். அந்த ஷெல் வாங்கினால் துளையில்லாத சாதா சோக்கே எடுங்கள். பல நேரம் உங்கள் ஃபுல் சோக்கே அதோடு அருமையாக ஒத்துப்போகும்.

பொருத்தம் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். மொஸ்பெர்க் 500-இன் திருகு அக்யூ-சோக் எனப்படும் வகை. வின்சோக், பழைய பிரவுனிங் இன்வெக்டர் ஆகியவற்றுக்கும் அதே திருகுதான். ரெமிங்டனுக்கானது இதில் ஏறாது. மொஸ்பெர்க் 835-க்கானதும் ஏறாது. 835-இன் குழல் உள்விட்டமே 0.775, அதாவது 10 கேஜ் அகலம். அந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர் 0.690-ஐப் புகழ்ந்தால், அவருக்கு அது 0.085 குறுக்கம், உங்களுக்கு 0.039 மட்டுமே. வெளிவாய் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கப் போகாதீர்கள்.

சரி, காகிதத்தில் சுடுவதற்கு வருவோம். மூன்றடிக்கு மூன்றடி காகிதம், நடுவில் கண்ணுக்குத் தெரியும் புள்ளி. மாநில வனத்துறையின் சில சுடுதளங்களில் பேட்டர்ன் பார்க்கவே தனிப் பலகை வைத்திருக்கிறார்கள். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்புப் போடுங்கள். முதலில் விலை குறைந்த, உதை குறைந்த, பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஷெல்லால் 15 கஜத்தில் இரண்டு மூன்று சுட்டு, குறி எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். கூட்டத்தின் நடு, புள்ளியை விட்டு மேலேயோ பக்கத்திலோ போனால் சோக்கைக் குறை சொல்லக்கூடாது, பார்வைக் குமிழிலோ கன்னம் வைக்கும் முறையிலோ கோளாறு. தலையைத் தூக்கிப் பார்த்துச் சுட்டால் எல்லாம் மேலேதான் போகும். இதைச் சரிசெய்ய ஒரு சிவப்புப் புள்ளி சைட் வாங்குவது, இரண்டாவது சோக் வாங்குவதைவிட நல்ல செலவு.

அதன் பிறகு வேட்டை ஷெல். மேசையில் வைத்துச் சுட்டு முடித்ததும், காட்டில் உட்காருவதுபோலவே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் துப்பாக்கியைத் தாங்கி ஒருமுறை சுட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். 20, 30, 40 கஜம் மூன்றிலும் புதுக் காகிதம். வட்டத்தைச் சுட்ட பிறகு போடுங்கள், ஆனால் ரவை அதிகம் விழுந்த இடத்தைத் தேடிப் போடாமல், குறிவைத்த புள்ளியை நடுவாக வைத்துப் போடுங்கள். ஒரு சோக்கும் ஒரு ஷெல்லும் சேர்ந்த ஜோடிக்குக் குறைந்தது மூன்று காகிதமாவது பாருங்கள், ஒன்றை மட்டும் நம்பினால் அதிர்ஷ்டத்தை அளந்தது ஆகிவிடும். காகிதத்தின் ஓரத்திலேயே ஷெல் பெயர், ரவை எண், சோக், தூரம், தேதி எழுதிவையுங்கள். 40-இல் 100 வராமல் 35-இல் வந்தால் உங்கள் எல்லை 35 கஜம். சோக்கை மாற்றுவதைவிட அந்த எல்லையை மதிப்பதே எனக்குப் பிடிக்கும்.

விளிம்பில் சிதறும் ரவையையும் அந்தக் காகிதத்திலேயே கவனியுங்கள். மிசௌரி வசந்தகால சீசனில் சேவலையோ, மார்பில் முடிக்கற்றைபோல் தொங்கும் தாடி தெரியும் பறவையையோ மட்டும்தான் சுடலாம். சேவலுக்குப் பின்னால் பெட்டை நின்றால் எந்த சோக்கும் அதைக் காப்பாற்றாது. விலகும்வரை விசையில் விரல் போகக்கூடாது.

சோக்கைக் கழற்றும் முன் துப்பாக்கி காலி என்று, ஷெல் நிற்கும் அறையையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள், சோக் இல்லாமல் ஒருபோதும் சுடாதீர்கள், நாலைந்து ஷெல்லுக்கு ஒருமுறை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் எதையும் காட்டுக்குள் உடுத்தாதீர்கள், கைக்குட்டைகூட வேண்டாம், சேவலின் தலையும் அதே நிறங்கள்தான். 1967 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால், மிசௌரியில் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் பொதுவாக பெர்மிட் வாங்க முடியாது. இன்னும் முடிக்கவில்லையென்றால் சோக்குக்கு முன் அதை முடியுங்கள்.

சுட்டுப் பார்த்ததும் எந்த ஷெல், எத்தனை கஜம், வட்டத்துக்குள் எத்தனை ரவை என்று கீழே எழுதுங்கள். முடிந்தால் காகிதத்தின் படமும் போடுங்கள், ஓட்டை எங்கே விழுகிறது என்று பார்த்து அடுத்து ஷெல்லை மாற்றலாமா, சோக்கை மாற்றலாமா என்று சொல்கிறேன்.