கண்மாயிலும் மலையிலும் அயல் செடிகள்: கேள்வி பதில்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் அளித்த விடைகள்.

மேலூர், ஆயக்கட்டு விவசாயி: எங்கள் கண்மாயில் சீமைக் கருவேலத்தை இருமுறை வெட்டினோம். முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்துவிட்டது. ஏன் ஐயா?

விடை: வெட்டியதனால்தான் அடர்ந்தது. இம்மரத்தில் தண்டும் வேரும் சேரும் இடத்தில், தரைக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் உள்ளன. தரையோடு வெட்டும்போது அவை விழித்துக்கொள்வதால், ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் எழுகின்றன. விறகுக்கும் கரி மூட்டத்துக்கும் மரம் எடுப்பவர்களுக்கு இது நன்மையே. ஆகவே, மரத்தின் எடைக்கு மட்டும் விலை பேசி ஏலம் விடும் வரை, எடுத்தவர் வேரைத் தொடுவார் என்று எதிர்பார்ப்பது வீண். ஓரடி ஆழம் வரை அடிக்கட்டையை எடுப்பதையும், அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களில் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குவதையும் நிபந்தனையாக எழுதி, தொகையில் ஒரு பகுதியை அதுவரை பிடித்து வைப்பதே உரிய முறை என்பது என் கருத்து. கடினமான உறைக்குள் இருக்கும் விதைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து முளைக்கக்கூடியவை. எனவே, பொக்லைன் திரும்பிச் சென்ற பிறகுதான் ஊரின் வேலை தொடங்குகிறது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டிப் பல கண்மாய்களில் மும்முரமாக மரம் அகற்றப்பட்டது. பின்தொடர்ந்து கன்று பிடுங்காத இடங்கள் இன்று எப்படி இருக்கின்றன என்பதைத் தாங்களே பார்க்கலாம்.

கள்ளிக்குடி, ஊராட்சி உறுப்பினர்: நாட்டுக் கருவேலமும் கலந்து நிற்கிறது. இயந்திரம் ஓட்டுபவருக்கு எப்படி அடையாளம் சொல்வது?

விடை: பூவும் காயும் இருந்தால் ஐயமே வராது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறப் பஞ்சு உருண்டையாக இருக்கும். அதன் காய் சாம்பல் நிறத்தில், விதைக்கு விதை இடுங்கி, கோத்த மணிமாலை போலத் தோன்றும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிறிய மஞ்சளில் விரல் நீளத்துக்குத் தொங்கும். நெற்று பழுத்தால் வைக்கோல் நிறத்தில் சதைப்பற்றோடு இருக்கும். முள்ளை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டிலும் முள் இணையாகவே இருக்கும். வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளே நாட்டு மரங்களில் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிடுங்கள். ஓடும் இயந்திரத்தின் முன் நின்று கைகாட்டிக்கொண்டிருப்பது பயன் தராது.

திருமங்கலம், கல்லூரி மாணவி: சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்றும், பறவைகள் அதில் அண்டுவதில்லை என்றும் கைப்பேசியில் செய்திகள் வருகின்றன. உண்மையா?

விடை: மழையைத் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை. பறவைகளைப் பற்றிய செய்தி தவறு. நம் கண்மாய்களில் கொக்குகளும் நாரைகளும் இம்மரத்தில் கூடு கட்டுவதைப் பார்க்கலாம். கூடுள்ள பருவத்தில் மரத்தில் கைவைக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். மெக்சிகோ, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட இந்த மரம், 1870களின் இறுதியில் விறகுத் தேவைக்காகச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் ஆழமான வேர் நிலத்தடி நீரை எடுக்கிறது. அடர்ந்த நிழலும் உதிர்ந்த இலையும் மற்றச் செடிகளை அடியில் முளைக்கவிடுவதில்லை. வரத்துக் கால்வாயில் வளர்ந்தால் நீரோட்டம் தடைப்படுகிறது. குற்றம் சாட்ட இவை போதும், கட்டுக்கதை எதற்கு?

உசிலம்பட்டி, ஆடு வளர்ப்பவர்: சீமைக் கருவேல நெற்றை ஆடு விரும்பித் தின்கிறது. விடலாமா?

விடை: நெற்று நல்ல தீவனம்தான். ஆனால் ஆடு மாடுகளின் வயிற்றில் அழியாத விதைகள் புழுக்கையோடும் சாணத்தோடும் விழுந்து முளைக்கின்றன. பரவலுக்கு இதுவே முதன்மையான வழி. காயவைத்து, விதையும் நொறுங்கும்படி அரைத்து, மற்றத் தீவனத்தோடு அளவாகக் கலந்து கொடுங்கள்.

மதுரை, ஆழ்வார்புரம்: வைகையில் ஆகாயத் தாமரையை அள்ள அள்ள வருகிறதே?

விடை: கழிவுநீர் கலக்கும் வரை வரும். அமேசான் படுகையிலிருந்து வந்த இச்செடிக்குச் சாக்கடையிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் உரம். வெயிலும் சத்தும் கிடைத்தால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இருமடங்காகிவிடும். அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். 1980களில் இச்செடியைத் தின்னும் தென் அமெரிக்கக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து பெங்களூரு ஏரிகளில் விட்டுப் பலன் கண்டார்கள். ஆனால் வண்டு பெருகுவதற்குக் காலம் பிடிக்கும்; இடையில் செடியை மொத்தமாக அள்ளினால் வண்டும் சேர்ந்து போய்விடும். அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைத்தால், அடுத்த வெள்ளம் அதைத் திரும்ப ஆற்றில் சேர்த்துவிடும்.

வாடிப்பட்டி, விவசாயி: பார்த்தீனியக் களைக்கு உப்புக் கரைசல் தெளிக்கலாமா?

விடை: சாலையோரத்திலும் தரிசிலும் தெளிக்கலாம், லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு, ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல். விளைநிலத்தில் வேண்டாம், மண் கெடும். அங்கே பூக்கும் முன் கையுறை அணிந்து பிடுங்குவதே நல்லது.

அழகர்கோவில், இளைஞர் குழு: மலையடிவாரத்தில் உண்ணிச்செடி (லான்டானா) மண்டிக் கிடக்கிறது. தீ வைத்து அழிக்கலாமா? அழித்த இடத்தில் எதை நடலாம்?

விடை: தீ வேண்டவே வேண்டாம். மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். அதற்குள் நாட்டுக் கன்றுகள் எரிந்து போயிருக்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடுங்கள். பழம் தின்னும் கொண்டைக்குருவி முதலிய பறவைகள் விதையைத் தூவிக்கொண்டே இருக்கும் என்பதால், பழுக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். அழகர்மலை காப்புக் காடு; வனத்துறையின் அனுமதியின்றி எதையும் தொடாதீர்கள். 2022இல் தமிழக அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கையும் அகற்றுதலோடு சூழல் மீட்பையும் சேர்த்தே பேசுகிறது. வெறுந்தரையை உண்ணி விரைவில் பிடித்துக்கொள்ளும் என்பதால், முதல் மழையிலேயே நாட்டுப் புல் விதையைத் தூவி, பின்னர் அம்மலையிலேயே விதை எடுத்த உசில், வெப்பாலை, ஆத்தி போன்றவற்றை நடுங்கள். ஓடைக்கரையில் நீர்மருதும் நாவலும் நன்றாக வரும். வேம்பும் புங்கனும் எளிதில் கிடைக்கின்றன என்பதற்காக மலை முழுவதும் அவற்றையே நட வேண்டாம்.