அனிமல் கிராசிங்: ஒரே வீட்டில் வேறு வேறு நேரத்தில் விழித்திருப்பவர்களுக்கான விளையாட்டு

"அனிமல் கிராசிங் தொடரில் ஜெயிக்கவும் ஒன்றுமில்லை, தோற்கவும் ஒன்றுமில்லை என்கிறார்கள். பிறகு ஏன் அதை வருடக்கணக்கில் விளையாடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரியில் எங்கள் வீட்டில் நானும் அண்ணனும் அந்த விளையாட்டின் ஒரே தீவில் இரண்டு வருடத்துக்கு மேல் குடியிருந்தோம். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

பேசும் விலங்குகள் அண்டை வீட்டாராக இருக்கும் ஊரில் நாம் ஒரு மனிதப் பாத்திரமாகக் குடியேறி வாழும் வீடியோ கேம் இது. முதலில் இந்தத் தொடர் எங்கிருந்து பிறந்தது என்று சொல்ல வேண்டும். இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கட்சுயா எகுச்சி, 1986இல் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்வதற்காகச் சொந்த ஊரான சிபாவை விட்டுக் கியோட்டோவுக்குப் போனவர். வீட்டாரும் நண்பர்களும் பக்கத்தில் இல்லாத அந்தத் தனிமைதான், மனிதர்கள் அருகருகே இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்பதை உணர்த்தி இந்த விளையாட்டுக்கு விதையானது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2001 ஏப்ரலில் ஜப்பானில் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த முதல் ஆட்டத்திலேயே ஒரு கிராமத்தில் நான்கு பேர் குடியேறலாம். ஆனால் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து ஆட முடியாது. ஒருவர் போன பிறகுதான் மற்றவர் வர முடியும். முன்னால் வந்தவர் நட்ட மரமும் பறித்த களையும் பின்னால் வருபவரின் கண்ணில் படும். மேலோட்டமாகப் பார்த்தால் குறைபாடு போலத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் தொடரின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன்.

இதனோடு சேர்ந்தது கடிகாரம். விளையாட்டுக்குள் ஓடுவது நம் சுவர்க் கடிகாரத்தின் நேரம்தான். இங்கே இரவென்றால் அங்கேயும் இரவு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓர் இசை உண்டு. நாங்கள் ஆடிய ஆட்டத்தில் கடை காலை 8 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். நாள் மாறுவது மட்டும் நள்ளிரவில் அல்லாமல் விடியற்காலை 5 மணிக்கு.

2020 மார்ச்சில் நின்டெண்டோவின் சுவிட்ச் கருவிக்கு இந்தத் தொடரின் 'நியூ ஹொரைசன்ஸ்' ஆட்டம் வெளிவந்தது. ஊரடங்கில் கோயம்புத்தூரிலிருந்து வீட்டுக்கு வந்த நான், ஜூன் மாதம் அதைத் தொடங்கினேன். அண்ணன் அப்போது பக்கத்திலிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டில் இருந்தார். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளின் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: சிறு விவசாயிகளிடம் பகலில் எடுத்த பச்சைத் தேயிலை மாலையில் வந்து சேரும், அதை விரித்துக் காற்றோட்டத்தில் மணிக்கணக்காக வாட்டுவார்கள், பிறகுதான் அரைப்பும் உலர்த்தலும் நடக்கும். அதனால் நான் எழும் நேரத்தில் அவர் தூங்கப் போவார், நான் வேலையை முடிக்கும் நேரத்தில் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கிளம்பிவிடுவார். ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

ஒரு சுவிட்ச் கருவிக்கு ஒரே ஒரு தீவுதான் என்பது 'நியூ ஹொரைசன்ஸ்' விதி. நான் முதலில் தொடங்கியதால் தீவின் பிரதிநிதி நான். அண்ணன் இரண்டாவது குடியாக வந்து கூடாரம் போட்டார். பாலம் கட்டுவது, கடைக்கு இடம் ஒதுக்குவது போன்றவற்றைப் பிரதிநிதி மட்டுமே செய்யலாம் என்பதால், தனக்கு எங்கே பாலம் வேண்டும் என்பதை அவர் தீவின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பார். அதில் தமிழ் எழுத்து கிடையாது; தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதினோம். வேலை முடிந்து அவர் வீடு திரும்பும்போது மணி ஐந்தரை ஆகியிருக்கும், தீவில் அப்போதுதான் புது நாள் பிறந்திருக்கும். அடுப்படியில் அம்மா பால் காய்ச்சும் சத்தத்தோடு அந்த ஐந்து மணி இசையும் கேட்டால், அண்ணன் வந்துவிட்டார் என்று போர்வைக்குள் இருந்தபடியே எனக்குத் தெரியும்.

எங்கள் இருவரையும் உண்மையில் பிணைத்தது டர்னிப் என்ற கிழங்கின் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணியிலிருந்து நண்பகல் வரை டெய்சி மே என்ற பன்றிக்குட்டி தீவுக்கு வந்து டர்னிப் விற்கும். நம் மலையில் விளைகிற அதே டர்னிப்தான். விலை 90 முதல் 110 பெல் வரை இருக்கும், பெல் என்பது அங்கத்திய பணம். திங்கள் முதல் சனி வரை கடையில் அதைத் திரும்ப விற்கலாம், விலை காலையில் ஒன்று, நண்பகலுக்குப் பின் ஒன்று என்று மாறும், அடுத்த ஞாயிறு வந்தால் எல்லாம் அழுகிவிடும். ஜப்பானிய மொழியில் டர்னிப்புக்கும் நிறுவனப் பங்குக்கும் 'கபு' என்ற ஒரே உச்சரிப்பு என்பதால் பங்குச் சந்தையையே இப்படிக் கிழங்காக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து கொள்முதல் செய்து, நூறு நூறாகக் கட்டி என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார். வாரம் முழுக்க இரண்டு வேளை விலை பார்ப்பது என் பொறுப்பு. விற்ற பணத்தைப் பையாக அவர் வாசலில் வைப்பேன்.

ஒரு வாரம் அவர் 97 பெல்லுக்கு ஆறு கட்டு வாங்கி வைத்தார். வியாழக்கிழமை காலை 118 என்றதும், இதற்கு மேல் ஏறாது என்று நானாக முடிவு செய்து மொத்தத்தையும் தள்ளிவிட்டேன். வெள்ளி மதியம் விலை 171க்குப் போய்விட்டது. எனக்கு உண்மையாகவே மனம் வலித்தது. மறுநாள் அறிவிப்புப் பலகையில், "பரவாயில்லை பாப்பா, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று இருந்தது. அம்மாவுக்குச் சிறிது தேயிலைத் தோட்டம் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை தேயிலை வாரியம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலைக்காகக் காத்திருந்தே பழகியவர். "அந்த டர்னிப் இன்னைக்கு என்ன விலை போகுது?" என்று அவரும் மதியச் சாப்பாட்டின்போது கேட்கத் தொடங்கினார். கருவியின் தேதியை மாற்றி வைத்தால் நாட்களைத் தாண்டிப் போகலாம் என்று பலர் சொன்னார்கள். நாங்கள் செய்யவில்லை, உங்களுக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காத்திருப்பதை எடுத்துவிட்டால் அந்தத் தீவில் மிஞ்சுவது மேசையும் நாற்காலியும்தான்.

இந்தத் தொடரை ஒட்டி 2006 டிசம்பரில் ஜப்பானில் ஓர் அனிமேஷன் திரைப்படமும் வந்தது. ஜோஜி ஷிமுரா இயக்கிய அதில், ஆய் என்ற சிறுமி தனியாக ஒரு கிராமத்துக்குக் குடிவருகிறாள். நெருங்கிய தோழியாகிவிட்ட யானை அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊரைவிட்டுப் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் படம் அதிகாரபூர்வமாக வெளிவரவில்லை. 'நியூ ஹொரைசன்ஸி'லோ, ஊரைவிட்டுப் போக நினைக்கும் விலங்கு நம்மிடம் கேட்கும், வேண்டாம் என்றால் தங்கிவிடும். எனக்குத் திரைப்படம் காட்டுகிற பிரிவுதான் வாழ்க்கைக்கு நெருக்கமானதாகத் தெரிகிறது.

2022இல் அண்ணன் கூடலூர் பக்கம் வேறு தொழிற்சாலைக்கு மாறினார். நான் கோயம்புத்தூருக்குத் திரும்பினேன், சுவிட்சும் என்னோடு வந்தது. அவருடைய வீடு தீவில் அப்படியே இருந்தது. வாசலைச் சுற்றிக் களை முளைத்தபோதும் நான் அதைப் பறிக்கவில்லை. 2023 பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இருவரும் கோத்தகிரிக்கு வந்திருந்தோம். அண்ணன் விடியற்காலையில் எழுந்து கருவியைத் திறந்திருக்கிறார். நெடுநாள் கழித்து வந்தால் நம் பாத்திரத்தின் தலைமுடி தூங்கி எழுந்தது போலக் கலைந்திருக்கும். அந்தத் தலையோடே களை பறித்து, கரைக்குப் போய் டெய்சி மேயைத் தேடிப் பிடித்திருக்கிறார். அம்மா பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தபோது நான் திரையைப் பார்த்தேன். தீவில் பனிக்காலம். என் வாசலில், வெள்ளைப் பனியின் மேல், பச்சைத் தழையோடு ஒரு கட்டு டர்னிப் இருந்தது.