மாத்திரை இருக்கட்டும், முதலில் பாத்ரூம் போகிற வழியைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. பாலக்கோடு பக்கத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானதிலிருந்து பயந்துபோய், அம்மாவை நடக்கவே விடுவதில்லை. கால்சியம் மாத்திரையும் தருகிறோம். இது போதுமா டாக்டர்?
- ஒரு வாசகி, ஓசூர்

முதலில் அம்மாவை நடக்க விடுங்கள். நல்லது நினைத்துத்தான் செய்கிறீர்கள், ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரைந்து கால் தள்ளாட ஆரம்பிக்கும், அப்புறம் என்றைக்கோ அவசரத்துக்கு எழுந்திருக்கும்போது முதல் அடியிலேயே விழுவார். இடுப்பெலும்பு முறிவில் பத்துக்கு ஒன்பது விழுவதால்தான் வருகிறது, அதிலும் பக்கவாட்டில் விழுந்தால் அடி நேராக இடுப்பில்தான் இறங்கும். மாத்திரை எலும்புக்கு. விழாமல் இருக்கக் காலில் பலம் வேண்டும், வழி சரியாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ராத்திரி அம்மா எழுந்து பாத்ரூம் போகும்போது கூடவே போய்ப் பாருங்கள். கட்டிலிலிருந்து கால் தரையில் முழுசாகப் பதிகிறதா, ஸ்விட்ச் கைக்கு எட்டுகிறதா, நிலைப்படி எவ்வளவு உயரம், பாத்ரூம் புறக்கடையில் இருந்தால் வழியில் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பாத்ரூம் வாசலில் பழைய புடவையையோ சாக்கையோ மடித்துப் போட்டிருப்பார்கள், பளபள டைல்ஸ் தரையில் அது சறுக்கிக்கொண்டு போகும், முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். சுவரில் ஒரு கம்பி பதிக்கச் சொல்லுங்கள், டவல் மாட்டுகிற கம்பி தாங்காது. பிபி மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிட்டால், சட்டென்று எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறதா என்று டாக்டரிடம் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். கண்புரையைத் தள்ளிப் போடாதீர்கள்.

உடற்பயிற்சி என்றதும் சிரிப்பார், பரவாயில்லை. சுவரோரம் நாற்காலி போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரட்டும், முடிந்தவரை, தினமும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகட்டும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமானால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி உண்டு, 2021-ல் உங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தான், சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கால்சியத்துக்கு ராகிக் களி இருக்கிறது, 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கிடைக்கும், மாத்திரையை அதையும் சேர்த்துக் கணக்கிட்டு டாக்டர் சொல்லட்டும். வைட்டமின் டி-யை மட்டும் மொத்தமாக ஏற்றாதீர்கள். ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்ததில், விழுவதும் எலும்பு முறிவும் கூடியதுதான் மிச்சம் (2010-ல் வந்த ஆய்வு).

கேள்வி: எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அது எலும்பைக் கெட்டியாக்கும் என்கிறார்களே, அப்படியென்றால் உடையாதுதானே?
- பென்னாகரம் வாசகர்

கெட்டியாகும், ஆனால் பலம் வராது. அடர்த்தி கூடினாலும் எலும்பின் அமைப்பு கெட்டு எளிதில் உடையும். முதுகும் மூட்டும் விறைத்துப்போவதால் தடுமாறும்போது உடம்பைச் சமாளிக்கவும் முடியாது. ஸ்கேனில் அடர்த்தி நன்றாக வந்தாலும், எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குடிக்க மட்டுமில்லை, சமையலுக்கும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே பிடியுங்கள்.

இருவருக்குமே ஒன்று. விழுந்தவருக்கு ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் உருவிவிடவோ நிற்க வைக்கவோ வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த முறிவுக்கு நாட்டுக் கட்டு நிற்காது, பெரும்பாலும் ஆபரேஷன்தான். அதுவும் ஓரிரு நாளுக்குள் முடிந்தால்தான் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்க முடியும், அதனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பேசி முடிவெடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.