தொட்டியில் போடுவதும் மண்தானே?

கேள்வி: கல்யாணப் பத்திரிகை ஒன்றில் ‘மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம்’ என்று போட்டிருந்தது. “உலகத்துல நல்லா வாழலாம்னு அர்த்தம்” என்றேன். ஏழாவது படிக்கும் என் மகள், “மண்ணுன்னா ரோஜாத் தொட்டியில போடுறதும்மா. அது எப்படி உலகமாகும்?” என்று மடக்கிவிட்டாள். என்ன சொல்லட்டும்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் சொன்ன அர்த்தம் சரிதான் அம்மா. அது சீர்காழியைப் பற்றிச் சம்பந்தர் பாடிய தேவாரம். சீர்காழிக்குக் கழுமலம் என்றும் பெயர். பத்திரிகையில் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். அடுத்த வரியில் ‘எண்ணில் நல்ல கதிக்கு யாதுமோர் குறைவிலை’ என்று வருகிறது. போன பிறகு கிடைக்கிற கதி அங்கே இருப்பதால், இருக்கும்போது வாழ்கிற இடம் மண். ‘விண்ணும் மண்ணும்’ என்கிறோமே, அதே கணக்கு.

உங்கள் மகள் கேட்டதிலும் தப்பில்லை. மண்ணுக்குத் துணையாக எந்தச் சொல் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பொன்னாசையோடு வரும் மண்ணாசையில் அது பட்டா நிலம். வரப்பை வருஷத்துக்கு அரை அடி நகர்த்தி வெட்டுகிறவருக்கு உலகமெல்லாம் வேண்டாம், அந்த அரை அடி போதும்! அரணைப் பற்றிய 742-ஆம் குறளில் நீர், மலை, காடு இவற்றோடு சேர்ந்து வருகிறது. அங்கே வெட்டவெளி நிலம் என்று உரை சொல்கிறார்கள். “அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது” என்கிறபோதோ ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடுகிறது. உலகம் முழுவதையும் குறிக்கிற சொல்லுக்கு இப்படியும் ஒரு கதி!

பொருநராற்றுப்படையின் ‘மண் அமை முழவு’ எனக்குப் பிடித்த இடம். அங்கே மண் என்பது முழவு என்ற மேளத்தின் தோலில் பூசும் மார்ச்சனை, அதாவது பசை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. தொல்காப்பியத்தில் வரும் ‘மண்ணுமங்கலம்’ அரசனின் மங்கல நீராட்டு. மண்ணுதல் என்றால் கழுவுதல், குளித்தல். அதில் போய் மண்ணைத் தேடினால் சேறுதான் மிஞ்சும்.

மண்சட்டி, மண்ணின் மைந்தன், மண்ணாப் போச்சு – இந்த மூன்றில் எது தொட்டி மண் என்று அவளையே கேட்டுப் பாருங்கள். முதலாவதிலேயே சண்டைக்கு வருவாள்: “அது களிமண்ணும்மா, தொட்டியில இருக்கிறது செம்மண்!”