‘பொங்கல் போகட்டும் டாக்டர்’: மனநலக் கேள்வி-பதில்

ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் மாலை, மார்கழியில் ஸ்பீக்கர், தையில் பொங்கல். எனக்கு வரும் கடிதங்களும் இந்த வரிசையில்தான் வருகின்றன. இந்த மார்கழியில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கதை: நடுவில் மாத்திரையை விட்டாயிற்று, திரும்ப டாக்டரிடம் போக வேண்டும், எப்போது போவது? அதற்கு எல்லோருக்கும் ஒரே பதில்தான். இந்த வாரம். மற்றதைத் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில், பெயரும் ஊரும் எழுதாமல் வந்த ஒரு கடிதம்.

“சிகிச்சையை விட்டு ஆறு மாதம். தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள். எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தும் எனக்கு விடியவே வேண்டாம் என்றுதான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.”

இன்னொரு கடிதம் எழுதி, அதற்குப் பதில் அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதைப் படித்ததும் வீட்டில் ஒருவரிடம், யாராவது ஒருவரிடம், எனக்கு எழுதிய அதே வரியைச் சொல்லுங்கள். 14416க்குப் போன் போடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் உண்டு. எண்ணம் நெருக்கினால் பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அது பண்டிகைக்கு மூடுவதில்லை. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்படுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தற்கொலைக்கு முயன்றவரை கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் பார்க்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

“தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மாத்திரை டப்பாவை மறந்துவிட்டேன். பத்து நாள் நன்றாகவே இருந்தது. சரி, குணமாகிவிட்டது என்று அப்படியே விட்டேன். இப்போது விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, எதிலும் ஒட்டவில்லை. பொங்கல் முடிந்து போகலாமா? டாக்டர் திட்டுவாரா?” (அம்பத்தூர்)

மனச்சோர்வு மாத்திரையை விட்ட மறுநாளே நோய் வந்து கதவைத் தட்டாது. சில வாரம், சில மாதம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பத்து நாள் நீங்கள் செலவழித்தது பழைய சேமிப்பு. திரும்ப ஆரம்பித்தாலும் மாத்திரை பிடிக்க இரண்டு வாரம் முதல் நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். இன்று ஆரம்பித்தால் பொங்கலுக்குக் கொஞ்சம் முகம் தெளியும். பொங்கல் கழித்து ஆரம்பித்தால் மாசி பிறந்துவிடும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

திட்டுவாரா என்றால், திட்டலாம். அஞ்சு நிமிஷம் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் விட்டீர்கள் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். ‘ஒழுங்காகத்தான் போடுகிறேன்’ என்று பொய் சொன்னால் அவர் இந்த மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்து டோஸை ஏற்றுவார், அல்லது இன்னொன்றைச் சேர்ப்பார். அது திட்டைவிட மோசம்.

“மாலை போட்டிருக்கிறேன். விரதத்தில் மாத்திரை போடலாமா? கேப்ஸ்யூல் அசைவம் என்கிறார்களே?” (வில்லிவாக்கம்)

தாராளமாகப் போடலாம். கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின்தான், மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பது. மனசு ஒப்பவில்லை என்றால் அதே மருந்து மாத்திரை வடிவில் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்காக 41 நாள் மருந்தையே நிறுத்திவிடுவது பக்தியில் சேராது. லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை: மலை ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுக்கம் கூடி, பேதியாகி, நடை தள்ளாடினால் அது ஏற்றத்தின் களைப்பு என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

“டாக்டர் விடுமுறையில் இருக்கிறார். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மாத்திரையை வாங்கி, விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். தப்பில்லையே?” (மேற்கு மாம்பலம்)

தப்பு. இதை எழுதி எழுதி என் பேனாவே தேய்ந்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு தரம் எழுதுகிறேன்.

பழைய சீட்டு என்பது அன்றைய உங்களுக்கு எழுதியது. அன்று உங்கள் உடம்பு அந்த மருந்துக்குப் படிப்படியாகப் பழகியிருந்தது. விட்ட பிறகு அந்தப் பழக்கமும் போய்விடுகிறது. லாமோட்ரிஜின் என்று ஒன்று இருக்கிறது, பைபோலாருக்கும் (மனம் ஒரு சமயம் அளவுக்கு மீறி எழும்பி, ஒரு சமயம் சோர்ந்து விழும் நோய்) வலிப்புக்கும் கொடுப்பது. 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றரை மாதம் போல எடுத்துக்கொண்டு மெல்ல 200க்கு ஏற்றுவோம். ஐந்தாறு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பெரும்பாலும் மறுபடி 25லிருந்துதான். நேராக 200ல் குதித்தால் தோல் கொப்பளித்து உரியும் அளவுக்கு அலர்ஜி வரலாம், உயிருக்கே ஆபத்தானது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோசபின் இன்னும் கறார்: 48 மணி நேரத்துக்கு மேல் விட்டாலே பன்னிரண்டரை மில்லிகிராமிலிருந்து மறுபடி படியேற வேண்டும். இல்லையென்றால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பு வரலாம். ரத்தப் பரிசோதனைக் கணக்கையும் திரும்பப் பார்க்க வேண்டும். 48 மணி நேரம் என்பது ஒரு தீபாவளிப் பயணம், அவ்வளவுதான்.

போன வாரம் ஒருவர் வந்தார், விட்டு ஒரு மாதமாயிற்று என்று. “எந்த மாத்திரை?” என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளித் தாள் துண்டை எடுத்து வைத்தார். கத்தரியால் வெட்டின துண்டு, மூன்று மாத்திரை மிச்சம். பின்பக்கம் திருப்பினால் ‘…பின்’ என்று வால் மட்டும் இருக்கிறது. தலை கடைக்காரரின் டப்பாவில். ஓலான்சபின், குவெட்டியாபின், க்ளோசபின், மிர்டாசபின், கார்பமாசெபின் என்று எல்லாமே ‘பின்’தான். அவருக்கு நிறம் ஞாபகம் இருந்தது, மஞ்சள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் ஐயா. கடைசியில் அவர் மனைவிக்குப் போன் போட்டு, அரிசி டப்பாவுக்கு மேலே கிடந்த பழைய அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தோம். க்ளோசபின். பழைய டோஸை அன்று ராத்திரிதான் ஆரம்பிப்பதாக இருந்தாராம்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. ஐந்து மாத்திரை கேட்டால் ஐந்து கொடுங்கள், ஆனால் பெயரும் காலாவதித் தேதியும் வாங்குகிறவர் கையில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது பில்லாவது கொடுங்கள். பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்ப்ராசோலம் மாதிரி, எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மாத்திரைகளைச் சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாது. வாங்கியவர் பெயர், எழுதிய டாக்டர் பெயர் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும், அதை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ‘தெரிஞ்ச பையன்தான் சார்’ என்பது விதியில் கிடையாது.

மேற்கு மாம்பலத்துக்காரருக்கு: நீங்கள் மருந்தின் பெயரையே எழுதவில்லை! உங்கள் டாக்டர் இல்லையென்றால் அவர் பொறுப்பு ஒப்படைத்த டாக்டர் இருப்பார், இல்லாவிட்டால் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. இன்றே கேளுங்கள். அட்டையோடு போங்கள்.

“அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாகப் போகவில்லை, ஓபி சீட்டும் தொலைந்துவிட்டது. திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா?” (தண்டையார்பேட்டை)

புதுச் சீட்டுப் போடுவார்கள். பழைய மருந்து அட்டை, டிஸ்சார்ஜ் தாள், எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, போனாலும் குறைவில்லை. 1794லிருந்து வைத்தியம் பார்க்கும் அமைப்பு அது, ஊரார் அந்தப் பெயரைக் கேலிக்கு வைத்துக்கொண்டால் அது ஊராரின் பிரச்சினை. ஓபி காலையில்தான், சீக்கிரம் போய் நில்லுங்கள். பொங்கல் லீவு முடிந்த மறுநாள் கூட்டம் தாங்காது. முன்னாலேயே போய், லீவு நாட்களையும் சேர்த்து மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

“தை பிறந்தால் பெண் பார்க்க வருகிறார்கள். மகளுக்கு 27 வயது, பைபோலார் என்று மாத்திரை சாப்பிட்டு வந்தாள். நாங்கள் இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறோம். கல்யாணம் ஆன பிறகு தொடரலாமா? கிளினிக்கில் யாராவது பார்த்துவிட்டால்?” (குரோம்பேட்டை)

அம்மா, உங்கள் கடிதம் இரண்டு பக்கம். அதில் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. ‘நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம்’ என்றால் யார்? முதலில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் மாத்திரையைத் திரும்பத் தொடங்குங்கள், பழைய டோஸை நீங்களாகக் கொடுக்காமல். அவள் சாப்பிட்டது வால்ப்ரோயேட்டாக இருந்தால் கல்யாணப் பேச்சை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். கருவில் உள்ள குழந்தைக்கு அது ஆபத்தான மருந்து, வேறொன்றுக்கு மாற்றிப் பார்க்க மாதக்கணக்கில் நேரம் தேவை. ஆள் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்தால், ஏற்கெனவே பார்த்த டாக்டரிடம் வீடியோவில் தொடரலாம். கிளினிக்கில் சொன்னது வெளியே போகாமல் இருப்பது சட்டப்படி அவள் உரிமை.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா என்றால், என் அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்பது, நிச்சயத்துக்கு முன்னால், மகளின் சம்மதத்தோடு. மறைத்துக் கட்டிக்கொடுத்த வீடுகளில் மாத்திரை டப்பா ஹேண்ட்பேக்கின் அடியில் ஒளிகிறது. அப்புறம் ஒரு நாள் போடாமலே போகிறது. மிச்சத்தை நான் எழுத வேண்டாம்.

“இந்த மாத்திரைக்கு அடிமை ஆகிவிடுவாய் என்று பண்டிகைக்கு வந்த மாமா சொல்கிறார்.” (வேளச்சேரி)

மாமா எல்லா மாத்திரையையும் தூக்க மாத்திரை என்று நினைக்கிறார். க்ளோனாசெபம், அல்ப்ராசோலம் வகைக்கு அவர் சொல்வது பொருந்தும், அதனால்தான் அவற்றைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதுவோம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின் வகை அடிமையாக்காது. ஆனால் எதையும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரலாம். டாக்டர் சொல்லி மெதுவாகக் குறையுங்கள். மாமாவுக்கு இன்னொரு அதிரசம் கொடுங்கள்.

“புத்தாண்டு ராத்திரிக்கு மட்டும் இரண்டு பியர்?” (துரைப்பாக்கம்)

க்ளோனாசெபம் சாப்பிடுகிறவர் வேண்டவே வேண்டாம், மூச்சு மந்தமாகும். ‘ஒரு நாளைக்கு மாத்திரையை விட்டுவிட்டுக் குடிக்கிறேன்’ என்பது அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

“அவருக்குத் தெரியாமல் குடிநிறுத்த மாத்திரையை சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா?” (பல்லாவரம்)

கூடாது. டைசல்பிரம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் விழும், சாவுகூட நேரலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. தெரிந்து, சம்மதித்து எடுக்கிறவருக்கு மட்டும்தான்.

“சின்ன வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒன்று. நிறுத்திவிட்டேன். திரும்பப் போடலாமா?” (ஊர் இல்லை)

உப்பும் வெள்ளைதான், சர்க்கரையும் வெள்ளைதான். அட்டையைத் தேடுங்கள்.

“தம்பிக்கு பைபோலார். விட்ட மாத்திரையைப் போன வாரம்தான் டாக்டர் திரும்ப ஆரம்பித்தார். தெருமுனைக் கோயிலில் விடியற்காலை நாலரைக்கே ஸ்பீக்கர். பொங்கலுக்குத் திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ் வேறு. பயமாக இருக்கிறது.” (பெரம்பூர்)

சரியான பயம். பைபோலாரில் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே சிலருக்கு மனம் எழுச்சிப் பக்கம் ஏறிவிடும். பகல் ரயிலில் டிக்கெட் பாருங்கள். இல்லை, கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ்தான் என்றால் முன்னும் பின்னும் ஒரு நாள் ஓய்வு வையுங்கள், மாத்திரையைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள். தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல் சுறுசுறுப்பாக, நிறையப் பேசிக்கொண்டு, ஊருக்கெல்லாம் துணி எடுத்துக் கொடுக்கக் கிளம்பினால் பொங்கல் வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஸ்பீக்கர் விஷயம்: ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. கோயில்காரர்களிடம் நைச்சியமாகச் சொல்லிப் பாருங்கள். தம்பியை ராத்திரி ஒன்பதரைக்கே படுக்கச் சொல்லுங்கள், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும். எங்கள் தெருவிலும் அதே நாலரைதான், நானும் பஞ்சுதான்.